ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் சரி, வாடகைக்கு வரும் ஆளுக்கு?

#1 மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 10.42

கோலாலம்பூர் செந்தூலில் எனக்கு ஒரு சின்ன அடுக்குமாடி வீடு இருக்கிறது. மூன்று அறை, வாடகை 1,300 வெள்ளி. குடியிருந்தவர்கள் காஜாங் பக்கம் போய்விட்டதால் போன மாதம் காலியானது. ஏஜெண்டு ஒரு பையனைக் கூட்டி வந்தார். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். தமிழ்ப் பையன். கழுத்தோரம் பச்சை குத்தியிருந்தான், காதில் கடுக்கன், கீழே நிறுத்தும்போதே மூன்று மாடிக்கும் கேட்கிற மோட்டார். "வணக்கம்கா" என்று சொல்லி, செருப்பைக் கழற்றி வாசலில் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்த்தான். சமையலறைச் சன்னலைத் திறந்து மூடினான். மொத்தம் ஐந்து நிமிடம் இருந்திருப்பான்.

அவன் படி இறங்கியதும் ஏஜெண்டிடம், "இது வேண்டாம், வேறு ஆள் பாருங்கள்" என்றேன். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், யார் யார் தங்கப் போகிறார்கள், எதையும் கேட்கவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. 2009இல் நானே வாடகைக்கு வீடு தேடி அலைந்தவள். போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்டதும், "ஓ, இந்தியனா? சாரி" என்று வைத்துவிட்டார். இப்படி நான்கு பேர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது நானே என் வீட்டு வாசலில் நின்று அதையே செய்திருக்கிறேன், அதுவும் பெயரைக் கூடக் கேட்காமல்.

நான் செய்ததை இனவாதம் என்று சொல்ல முடியாது, அவனும் நானும் ஒரே ஆட்கள்தான். பின்னே அது என்ன? இன்னொரு பக்கம், முன்பின் தெரியாத ஆளிடம் எதையாவது வைத்துத்தானே முடிவெடுக்க வேண்டும்? ஒரு சோறு பதம் பார்ப்பது தப்பா? ஆறுதல் சொல்ல வேண்டாம், நினைப்பதைச் சொல்லுங்கள்.

#2 கோப்பி_ஓ | ஞாயிறு, இரவு 10.58

அக்கா, வீடு உங்களுடையது. யாருக்குக் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம். இதற்கெல்லாமா தூக்கம் கெடும்?

#3 வாடகைப்பலகை | ஞாயிறு, இரவு 11.20

பதினொரு வருடமாக கோலாலம்பூரில் வீடு பார்த்துக் கொடுக்கிற வேலை எனக்கு. வீட்டுக்காரர்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன், யாரும் அடிக்க வராதீர்கள்.

குடியிருப்பவர் வாடகை கட்டவில்லை என்றால் பூட்டை மாற்றி வெளியே தள்ள முடியாது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன்படி நீதிமன்ற உத்தரவு வேண்டும். வக்கீல் செலவு, அலைச்சல், மாதங்கள் ஓடும். இரண்டு மாத முன்பணம் அதற்குள் கரைந்து போகும். உள்ளே வந்த ஆளை வெளியே அனுப்புவது கஷ்டம் என்பதால்தான் எல்லாரும் வாசலிலேயே சல்லடை போடுகிறார்கள். சல்லடை போடுவது நியாயம்தான். எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதில்தான் கோளாறு. இனம், தாடி, பச்சை, மோட்டார் சத்தம். இதில் எதுவாவது மாதம் 1,300 வெள்ளி கட்டுமா என்று சொல்லுமா?

நான் கேட்பது மூன்றே மூன்று: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இபிஎஃப் சேமநிதிக் கணக்கு, பழைய வீட்டுக்காரரின் போன் எண். எனக்குக் கிடைத்த மோசமான குடித்தனக்காரர்கள் இரண்டு பேரும் டை கட்டிக்கொண்டு வந்தவர்கள். அதில் ஒருவர் போகும்போது நீர்ச்சூடேற்றியைக் கழற்றிக்கொண்டு போனார்! இதை வைத்து, டை கட்டியவன் வேண்டாம் என்று நான் சொன்னால் அதுவும் அக்கா செய்த வேலைதான்.

#4 நூலகப்பூனை | திங்கள், காலை 12.05

உளவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இது எங்கள் பாடம் என்பதால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி இரண்டு பேரும் 1974இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உறுதியாகத் தெரியாத விஷயத்தில் மனசு எந்தக் குறுக்குவழியில் போகிறது என்பதுதான் பேச்சு. அக்காவின் கதையில் உண்மையான கேள்வி, "இவன் வாடகை ஒழுங்காகக் கட்ட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?" அதற்கு விடை கண்டுபிடிக்க விவரம் வேண்டும், கணக்கு வேண்டும். மனசு அந்தக் கேள்வியை ஓசையில்லாமல் மாற்றிவிடும்: "இவன் யாரைப் போல இருக்கிறான்?" இதற்கு உடனே பதில் கிடைத்துவிடும். அந்தப் பதிலை முதல் கேள்விக்கான பதிலாக நாம் எடுத்துக்கொள்வோம். கேள்வி மாறியதே நமக்குத் தெரியாது.

இன்னொன்று, ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. முன்பின் தெரியாத முகங்களை வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா, திறமைசாலியா என்று கேட்டார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டவர்கள் சொன்னதும் இவர்கள் சொன்னதும் பெரிதாக வேறுபடவில்லை. கூடுதல் நேரம் கொடுத்தபோது முக்கியமாக ஏறியது, "நான் சொல்வது சரி" என்ற நம்பிக்கைதான். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று நாம் சொல்வோமே, அது இதுதான்.

அக்கா, ஒன்று சொன்னால் கோபப்படாதீர்கள். அவன் செருப்பை ஓரமாக வைத்ததையும் பார்த்திருக்கிறீர்கள். தண்ணீர் வேகத்தைப் பார்த்ததையும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருந்து பழகிய ஆள்தான் குழாயைத் திறந்து பார்ப்பான். இரண்டும் உங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன, ஆனால் கணக்கில் ஏறவில்லை. பச்சையும் கடுக்கனும் முதலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டன.

#5 மூன்றாம்மாடி | திங்கள், காலை 12.31

செருப்பு விஷயம் குத்திவிட்டது. எழுதும்போது கூட அது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவன் நடுவில் இரண்டு தடவை போனைப் பார்த்தான், படியில் வேகமாக இறங்கினான். பெரியவர்களிடம் மரியாதை இல்லாத பிள்ளை என்று அப்போது நினைத்தேன்.

#6 கோப்பி_ஓ | திங்கள், காலை 7.40

பூனை தங்கச்சி, இதெல்லாம் அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்த ஆராய்ச்சி. நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும்?

#7 நூலகப்பூனை | திங்கள், மதியம் 1.15

நியாயமான கேள்வி அண்ணே. நம் ஊரில் செய்ததும் உண்டு. லீ ஹ்வோக் ஆன், முகம்மது அப்துல் காலிட் இருவரும் கற்பனையான வேலை விண்ணப்பங்களைத் தயாரித்து மலேசிய நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். புதிதாகப் பட்டம் வாங்கியவர்கள், கணக்கியலும் பொறியியலும் படித்தவர்கள் என்ற கணக்கில். மலாய் விண்ணப்பதாரர்களைவிடச் சீன விண்ணப்பதாரர்களுக்கு நேர்காணல் அழைப்பு அதிகம் வந்தது. 2016இல் வெளியானது. அதில் இந்திய விண்ணப்பதாரர்களைச் சேர்க்கவே இல்லை, அது எனக்கு ஒரு குறை. ஆனால் ஆள் உள்ளே வருவதற்கு முன்பே தாள் மட்டத்தில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது என்பது தெரிகிறது.

அக்கா, அவசரமாக இறங்கினதைப் பற்றி. இதுவும் அமெரிக்கா தான், கோப்பி அண்ணன் மன்னிக்கவும். 1973இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் பாதிரியார் படிப்பு மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒரு ஆள் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தான், அவன் இவர்கள் ஏற்பாடு. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிய மாணவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பியவர்களில் 10 சதவீதம். அதில் சிலர், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய பைபிள் கதையைப் பற்றிப் பேசப் போய்க்கொண்டிருந்தவர்கள்! மனசு கெட்டவர்கள் இல்லை, நேரம்தான் இல்லை. நாம் ஓடினால் வேலை இருக்கிறது என்போம், அடுத்தவன் ஓடினால் அவன் குணமே அப்படி என்போம்.

#8 அண்டாச்சோறு | திங்கள், இரவு 9.05

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தலில் சமைப்பவன், முப்பது வருடமாகச் சோறு வடிக்கிறேன். தலைப்பில் சோற்றை இழுத்திருக்கிறீர்கள், அதனால் உள்ளே வந்தேன்.

அந்தப் பழமொழி வீட்டுப் பானைக்குச் சொன்னது. ஒரே சாக்கு அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு. கொதிக்கும்போது அரிசி தானாக மேலும் கீழும் சுழலும். அங்கே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் போதும். அண்டாவில் கதை வேறு. இருபத்தைந்து கிலோ போடும்போது அடியில் குழைந்திருக்கும், நடுமேட்டில் அரிசியாகவே கிடக்கும். துடுப்பை அடி வரைக்கும் விட்டுப் புரட்டிவிட்டு, அடி, நடு, ஓரம் என்று மூன்று இடத்தில் எடுப்பேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினால், வேகாத பருக்கையில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை தெரியும். தெரிந்தால் இன்னும் கொஞ்சம் விட வேண்டும்.

இப்படிப் பார்த்தும் ஒரு வருடம் ஏமாந்தேன். இரண்டு உபயக்காரர்கள் கொடுத்த அரிசியைப் பையன்கள் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள். ஒன்று பழைய அரிசி, ஒன்று புதுசு. புதுசு சீக்கிரம் வேகும், பழையது நேரம் பிடிக்கும். என் கையில் வந்த பருக்கை மூன்றும் புது அரிசி போல. பதமாக இருக்கிறது என்று வடித்துவிட்டேன். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, ஒன்றும் பேசாமல், இலையிலிருந்து ஒரே ஒரு பருக்கையை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். அந்தக் கை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன் தங்கச்சி. நீங்கள் எடுத்த பருக்கை அந்தப் பையன் பானையிலிருந்து எடுத்ததா? பச்சை குத்திய வேறு எவனோ ஒருவன் பானையிலிருந்து எடுத்ததை வைத்துக்கொண்டு இவன் சோறு வேகவில்லை என்று சொன்னதாகத்தான் எனக்குப் படுகிறது. அப்புறம், நான் தப்பாக வடித்தால் பத்து நிமிடத்தில் பந்தியில் தெரிந்துவிடும். உங்களுக்கு யார் வந்து பருக்கையை நீட்டுவார்?

#9 இரவுவண்டி | செவ்வாய், காலை 4.15

இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன். இ-ஹெய்லிங் ஓட்டுகிறேன், போன் செயலியில் அழைக்கிற வாடகைக் கார், பெரும்பாலும் இரவு.

எல்லாரும் அக்காவைச் சாத்துகிறீர்கள். என் நிலையையும் பாருங்கள். அழைப்பு வந்தால் யோசிக்கச் சில வினாடிதான். நள்ளிரவுக்கு மேல், விளக்கில்லாத இடத்தில் மூன்று ஆண்கள் நின்றால் நான் நிறுத்த மாட்டேன். ஒரு தடவை நிறுத்தி, கழுத்தில் கத்தி வைத்து 180 வெள்ளியும் போனும் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த மூன்று பேர் வேறு, இந்த மூன்று பேர் வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நிறுத்த மாட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

#10 கோப்பி_ஓ | செவ்வாய், காலை 8.02

அண்ணே, உங்கள் பெயரையும் படத்தையும் பார்த்துவிட்டு அழைப்பை ரத்து செய்கிறவர்கள் இருக்கிறார்களா?

#11 இரவுவண்டி | செவ்வாய், மதியம் 12.50

இருக்கிறார்கள். ஒதுங்கி நின்ற இடத்திலிருந்து பக்கத்தில் போய்ச் சேர்வதற்குள் ரத்தாகும். கடுப்பாகத்தான் இருக்கும். நீ எங்கே வருகிறாய் என்று தெரிகிறது தம்பி. ஆனால் அது வேறு, இது வேறு.

எப்படி வேறு என்று கேட்காதே, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

#12 நூலகப்பூனை | செவ்வாய், மாலை 6.30

இரவுவண்டி அண்ணன் பக்கமும் ஆள் இருக்கிறது. கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் கானமனோடு பல வருடம் சண்டை போட்டவர். குறுக்குவழி என்றாலே பிழை என்று சொல்லாதீர்கள், விவரமும் நேரமும் குறைவாக இருக்கும் இடத்தில் எளிய விதி பெரிய கணக்கைவிட நன்றாகவே வேலை செய்யும், எந்த விதி எந்தச் சூழலுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள் என்பது அவர் வாதம். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. இருட்டில் கத்திக்கு நடுவில் சம்பளச் சீட்டு கேட்க முடியாது. அக்காவுக்கு அப்படியில்லை. பகல், ஏஜெண்டு பக்கத்தில், முடிவெடுக்க ஒரு வாரம் இருந்தது.

ஆனால் அண்டாச்சோறு ஐயா கேட்ட இரண்டாவது கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். நேற்றிலிருந்து அதுதான் மண்டையில் ஓடுகிறது. தப்பான ஆளை உள்ளே விட்டால் அது தெரிந்துவிடும், வாடகை வராது, நீர்ச்சூடேற்றி போகும், பத்து வருடம் கதை சொல்வோம். நல்ல ஆளை வாசலோடு அனுப்பினால் ஒன்றுமே நடக்காது. அவன் போய்விடுவான், நாம் பிழைத்தோம் என்று நினைத்துக்கொள்வோம். அண்ணன் நிறுத்தாமல் போன மூன்று பேரும் ஆலையில் இரவு வேலை முடித்து வந்தவர்களாக இருந்திருந்தாலும் அது அண்ணனுக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு பக்கத்துப் பிழை மட்டுமே கணக்கில் வருவதால் விதி ஒவ்வொரு வருடமும் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும்.

#13 கரும்பலகை | செவ்வாய், இரவு 9.48

ஓய்வு பெற்ற ஆசிரியன், முப்பத்து நான்கு வருடம். நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், வயதாகிவிட்டது, மறைத்து என்ன ஆகப் போகிறது.

கட்டுரைத் தாள் திருத்தும்போது முதலில் பெயரைத்தான் பார்ப்பேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிற பிள்ளை என்றால் கருத்தும் நன்றாக இருப்பது போலவே தோன்றும். கடைசி வரிசைப் பையன் தாள் என்றால் சிவப்புப் பேனா தானாகத் திறந்துகொள்ளும். ஒரு தவணையில் சும்மா சோதித்துப் பார்க்கலாமென்று பெயர் எழுதிய மூலையை மடித்து ஊசி குத்தச் சொல்லிவிட்டுத் திருத்தினேன். பிரித்துப் பார்த்தபோது, நான் எப்போதும் 40க்கு மேல் கொடுக்காத ஒருவனுக்கு 61 போட்டிருந்தேன். அவனை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. பிறகுதான் படித்தேன், 1920லேயே எட்வர்ட் தார்ண்டைக் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களின் தோற்றம், அறிவு, தலைமை, குணம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். ஒன்றில் உயர்ந்தவன் எல்லாவற்றிலும் உயர்ந்திருந்தான். ஒன்றின் ஒளி மற்றதன் மேல் விழுந்துவிடுகிறது.

ஆனால் பூனை மகளே, நீ எல்லாவற்றையும் தனி மனிதன் மண்டைக்குள் வைத்துப் பேசுகிறாய். பச்சை குத்தின தமிழ்ப் பையன் என்றால் ரவுடி என்ற படம் மூன்றாம்மாடி அம்மா தானாக வரைந்ததா? நம் நாட்டுச் சமூகவியலாளர் சையட் ஹுசேன் அலாத்தாஸ், 'சோம்பேறிச் சுதேசி' என்ற கட்டுக்கதையைப் பற்றியே 1977இல் ஒரு நூல் எழுதினார். மலாய்க்காரனுக்குச் சொந்த நிலமும் படகும் இருந்தன. வெள்ளைக்காரன் தோட்டத்தில் கொடுத்த கூலிக்கு அவன் ஏன் போக வேண்டும்? போகவில்லை, உடனே சோம்பேறி என்று எழுதிவிட்டார்கள். போக வேறு இடமில்லாமல் கப்பலேறி வந்த நம் தாத்தாக்கள் குனிந்து வேலை செய்தார்கள். நம்மைப் பணிவானவன், சொன்னதைச் செய்பவன் என்று எழுதினார்கள். இரண்டுமே முதலாளிக்கு வசதியான சட்டகம். அதை மாட்டியவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், சட்டகம் சுவரிலேயே இருக்கிறது. இப்போது உள்ளே படத்தை மட்டும் நாம் மாற்றி மாற்றிப் போடுகிறோம்.

#14 கோப்பி_ஓ | செவ்வாய், இரவு 10.10

ஐயா, ஆனால் பத்திரிகையைத் திறந்தால் குண்டர் கும்பல் செய்தி வருகிறதே. அது வெள்ளைக்காரன் எழுதினதா?

#15 கரும்பலகை | செவ்வாய், இரவு 10.22

பச்சை குத்திய வாலிபர் ஏழாம் தேதிக்குள் வாடகை கட்டினார் என்று எந்தப் பத்திரிகை போடும் தம்பி?

#16 வாடகைப்பலகை | புதன், காலை 9.30

ஐயா சொன்ன ஊசி குத்தும் வேலையை எங்கள் தொழிலில் செய்து பார்க்கலாம் போல. படம், பெயர் இல்லாமல் விவரத்தாளை மட்டும் முதலில் வீட்டுக்காரரிடம் கொடுப்பது. ஒத்துக்கொள்ள மாட்டார்கள், "ஆள் என்ன ஆள்?" என்பதுதான் முதல் கேள்வியே. கேட்காதே என்று சொல்லச் சட்டமும் கையில் இல்லை. அரசியலமைப்பின் எட்டாவது பிரிவு பாகுபாட்டைத் தடுக்கிறது என்றாலும் அது அரசுத் தரப்பைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் வீட்டு வாசலுக்கு வராது என்றுதான் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

#17 நூலகப்பூனை | புதன், மதியம் 2.05

கானமன் கதை ஒன்று இதற்குப் பொருந்தும். 1950களில், இருபது வயதைத் தாண்டிய கையோடு, இஸ்ரேல் ராணுவத்தில் ஆள் தேர்வுக்கு நேர்காணல் முறை அமைக்கும் வேலை அவரிடம் வந்தது. அதுவரை நேர்காண்பவர்கள் பேசிப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு எண்ணத்தைச் சொல்வார்கள். இவர் ஆறு குணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களை மட்டும் கேள், அங்கேயே மதிப்பெண் போடு, பிறகுதான் அடுத்தது என்றார். எங்களை இயந்திரமாக்குகிறாய் என்று அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். சரி, ஆறும் முடிந்த பிறகு கண்ணை மூடி உங்கள் மனசு சொல்வதற்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள் என்று விட்டார். பின்னால் பார்த்தால் அந்தக் கடைசி மதிப்பெண்ணும் நன்றாகவே பலித்திருக்கிறது. ஆக, மனசு சொல்வதைக் கேட்கக் கூடாது என்றில்லை, அதைக் கடைசியில் கேட்க வேண்டும்.

#18 மூன்றாம்மாடி | வியாழன், இரவு 8.50

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். அண்டாச்சோறு அண்ணனின் பாட்டி கதையை என் கணவரிடம் சொன்னேன், அவர் இரண்டு நாளாகச் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து என் முகத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று ஏஜெண்டிடம் எண் கேட்டேன். நீங்கள் வேண்டாம் என்றதும் அழித்துவிட்டேன் என்றார். பெயர் கூட அவருக்கு நினைவில்லை. அவன் நல்ல குடித்தனக்காரனா இல்லையா என்பது எனக்குத் தெரியப் போவதில்லை.

ஒரு தாளில் ஏழு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் அதே வரிசையில் கேட்கப் போகிறேன். ஆறு கேள்வி பணமும் ஆட்களும் பற்றியது. ஏழாவது, கண்ணை மூடிக்கொண்டு எனக்கு நானே கேட்பது. வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

#19 கோப்பி_ஓ | வியாழன், இரவு 9.12

அக்கா, செந்தூல் எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கமா? என் அக்கா மகன் தேடிக்கொண்டிருக்கிறான். மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். மூன்று வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டுப் பிறகு போனே எடுக்கவில்லை. கடுக்கன் உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பச்சை இல்லை. சரி, கையில் ஒன்று இருக்கிறது, சின்னது.

#20 மூன்றாம்மாடி | வியாழன், இரவு 9.20

எல்ஆர்டிக்கு நடந்து எட்டு நிமிடம். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள் தம்பி. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரர் எண் இரண்டையும் எடுத்து வரட்டும். காலை நேரத்தில் குழாயில் தண்ணீர் கொஞ்சம் மெதுவாக வரும், அதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.